கயிலை யாத்திரை நடத்துவோருக்கு: அந்த இரண்டு இரவுகளைத் திருப்பிக் கொடுங்கள்

கயிலை மானசரோவர் யாத்திரைக்கு ஆள் சேர்க்கும் தமிழ்நாட்டுப் பயண நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

உங்களில் ஒருவர் போட்ட புதிய விளம்பரம் போன வாரம் எங்கள் தெரு வாட்ஸாப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. நேபாளச் சமவெளியில் இருக்கிற நேபாள்கஞ்சில் தொடங்கி நேபாள்கஞ்சில் முடிகிற பயணம், ஏழே நாள். 'லீவு கிடைக்காதவர்களுக்கும் கயிலை தரிசனம்' என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பழைய திட்டத்தில், உடம்பு உயரத்துக்குப் பழக, நேபாள மலை ஊரான சிமிகோட்டில் ஓர் இரவும் திபெத்தில் இருக்கிற தக்லாகோட்டில் இரண்டு இரவுகளும் தங்கல் இருந்தது. புதிய திட்டத்தில் சிமிகோட் இரவு இல்லை. தக்லாகோட்டில் ஒன்றுதான் மிச்சம். எடுத்துவிட்ட அந்த இரண்டு இரவுகளைப் பற்றித்தான் இந்த மடல். மற்ற நிறுவனங்களும் இதையே பார்த்து நாளைக் குறைக்கத் தொடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்பதால் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் திருவையாறு. உங்களில் ஒரு நிறுவனத்தின் மூலம் என் அத்தையோடு கயிலைக்குப் போய் வந்தவள். அப்போது என்ன நடந்தது என்றால், நேபாள்கஞ்சில் வானிலை சரியில்லாமல் விமானம் கிளம்பவில்லை. காத்திருந்ததில் நாள் போயிற்று. போன நாளை எங்கே ஈடுகட்டினார்கள்? மேலே ஓய்வுக்கென்று வைத்திருந்த இரவுகளில். சிமிகோட்டில் இறங்கியதும் இன்னொரு பக்கம் ஹெலிகாப்டர் தயாராக நின்றது, ஏற்றி எல்லை ஊரான ஹில்சாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அது வேறு வழி இல்லாமல் செய்தது என்று டூர் மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு சொன்னார். அதன் விளைவை எங்கள் குழு அனுபவித்தது, கீழே சொல்கிறேன். அதையே இப்போது வசதி என்று பெயர் வைத்து விற்கிறீர்கள். எனக்கு ஆறவில்லை.

உங்கள் ஏழு நாள் திட்டத்தில் உயரம் போடவில்லை. ஊர்ப் பெயரும் சாப்பாட்டு விவரமும் இருக்கின்றன, காலையில் பொங்கலா இட்லியா என்றுகூட இருக்கிறது. உயரத்தை நான் எழுதுகிறேன். நேபாள்கஞ்ச் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 150 மீட்டர். சிமிகோட் கிட்டத்தட்ட 2,900 மீட்டர், விமானத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஹில்சா 3,600 மீட்டரைத் தாண்டியது. பாலம் கடந்து எல்லையில் கைரேகை எல்லாம் வைத்துவிட்டு வண்டியேறினால் தக்லாகோட், ஏறக்குறைய 3,900. காலையில் வேர்வை வழிய நேபாள்கஞ்சில் டீ குடித்தவர், ராத்திரி ஊட்டியைப் போல ஒன்றே முக்கால் மடங்கு உயரத்தில் படுக்கிறார். மறுநாள் ராத்திரி மானசரோவர் கரை, 4,590 மீட்டர். மூன்றாம் நாள், கயிலையை வலம் வரத் தொடங்கும் இடமான யமத்வாரத்திலிருந்து நடந்து டெராபுக், ஏறக்குறைய 5,000. நான்காம் நாள் காலை டோல்மா லா கணவாய், 5,630 மீட்டர்.

நான்காம் நாள் காலை! சமவெளியிலிருந்து கிளம்பிய நான்காம் நாள் அந்தக் கணவாயில் நிற்க வைக்கிறீர்கள். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் அழுத்தம் பாதியாகிவிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவதும் பாதியாகிவிடும். உடம்பு இதற்குப் பழகும், பழகாமல் இல்லை. மூச்சு வேகமாகும், சிறுநீரகம் ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்யும், பிறகு மெதுவாக ரத்தச் சிவப்பணுக்கள் கூடும். இந்த வேலை ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கில் நேரம் வேண்டும். பணம் கூடக் கொடுத்தோ, நல்ல ஹோட்டலில் தங்க வைத்தோ, ஐந்தெழுத்தை ஓதியோ அந்த நாளைக் குறைக்க முடியாது.

மலை மருத்துவர்கள் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரு கணக்கு இருக்கிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும். உங்கள் பழைய திட்டமே இந்தக் கணக்குக்குள் வராது, ஏதோ அரைகுறையாகச் சமாளித்தது. புதியது இதை ஒட்டுமொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டது.

இனி எங்கள் குழுவில் நடந்தது. கரூரிலிருந்து ஒரு தலைமையாசிரியர் வந்திருந்தார், ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் நடக்கிற பழக்கம் உள்ளவர், சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தம் கிடையாது. தக்லாகோட்டில் இறங்கும்போது எங்கள் பைகளைக்கூட அவர்தான் எடுத்துக் கொடுத்தார். மானசரோவர் போன அன்றிரவு தலைவலி என்று சொல்லி உப்புமாவைத் தொடாமல் படுத்துவிட்டார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எல்லோருக்குமே தலை வலித்தது.

மறுநாள் விடிந்ததும் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். மூடியைத் திருகப் பார்க்கிறார், பிடிபடவில்லை. மூடியைக் கவிழ்த்து வைத்துத் திருகுகிறார், விழுகிறது, மறுபடியும் எடுத்து அதே மாதிரி கவிழ்த்து வைக்கிறார். ஸ்வெட்டர் பொத்தான் ஒன்று விட்டு ஒன்றில் மாட்டியிருந்தது. 'சார், என்ன செய்யுது?' என்றால், 'ஒண்ணும் இல்லம்மா, லேசா அசதி' என்கிறார். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. அவரை எழுப்பி, தாழ்வாரத்து சிமென்ட் தரையில் இரண்டு பாளம் சேரும் கோட்டின் மேல் ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்து சுவரைப் பிடித்தார். திரும்ப நடக்கச் சொன்னேன், அதேதான்.

இது மூளையில் நீர் கோக்கிறது என்பதற்கான அறிகுறி. செவிலியர் படிப்பெல்லாம் வேண்டாம், பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் உங்கள் சமையல்காரரும் கண்டுபிடிப்பார். தலைவலியோடு நடை தள்ளாடினால் அது, உயரத்துக்கு உடம்பு பழகாததால் வரும் மலை நோயின் ஆபத்தான கட்டம், உடனே கீழே இறக்க வேண்டும். விட்டால் மயக்கம், அப்புறம் உயிர்.

டூர் மேனேஜர் வந்து பார்த்தார். 'வயசாயிடுச்சு இல்லையா, பயண அலுப்பு' என்றார். நல்ல பையன்தான், முப்பது வயதுகூட இருக்காது. அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆக்சிஜன் வைக்கலாம் என்று சிலிண்டரைக் கொண்டுவந்தார். முழுக் குழுவுக்கும் ஒரே சிலிண்டர். அதைத் திறக்கிற ஸ்பேனர், சமையல் சாமான் ஏற்றிய லாரியில் இருந்தது. லாரி அதிகாலையிலேயே கயிலை அடிவாரத்து டார்சனுக்குக் கிளம்பிப் போயிருந்தது.

பக்கத்துக் கட்டடத்தில் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த குழு ஒன்று தங்கியிருந்தது. அவர்களோடு ஒரு டாக்டர் வந்திருந்தார். அவர் ஓடிவந்து பார்த்து, மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டார், தங்கள் சிலிண்டரையும் கொடுத்தார். அவர்களிடம் ஆளை உள்ளே படுக்க வைத்துக் காலால் மிதித்துக் காற்றடைக்கிற அழுத்தப் பைகூட இருந்தது. இறக்க வழியில்லாவிட்டால் அதில் வைத்து நேரத்தை நீட்டிக்கலாம். நான் அப்புறம் விசாரித்தேன். அவர்கள் கொடுத்த கட்டணம் நாங்கள் கொடுத்ததைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகமில்லை.

சரி, கீழே இறக்கலாம் என்றால் அடுத்த சிக்கல். திபெத்துக்குள் நம்மவர்கள் போவது குழு விசாவில். ஒரே தாளில் எல்லோர் பெயரும் இருக்கும், சேர்ந்து உள்ளே போய்ச் சேர்ந்து வெளியே வர வேண்டும். ஒருவர் மட்டும் எல்லை தாண்ட வேண்டுமென்றால் தனி அனுமதி எடுக்க வேண்டும். எல்லையைத் தாண்டுவது பிறகு, முதலில் தக்லாகோட் வரைக்கும் இறக்குங்கள், 700 மீட்டர் இறங்கினாலே போதும், மருத்துவமனையும் அங்கே இருக்கிறது என்று நானும் அந்த டாக்டரும் மன்றாடினோம். ஓட்டுநருக்கு உத்தரவு இல்லை. திபெத்திய வழிகாட்டி தன் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். மேனேஜர் காட்மாண்டுவைக் கேட்க வேண்டும், காட்மாண்டு சென்னையைக் கேட்க வேண்டும். தனி வண்டிக்கு யார் பணம் கொடுப்பது என்று ஒரு கேள்வி. காலையில் தொடங்கிய பேச்சு, வண்டி கிளம்பும்போது மதியச் சாப்பாடே முடிந்துவிட்டது. அவ்வளவு நேரமும் தலைமையாசிரியரின் மனைவி, நான் என்ன சொல்கிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இறங்கினார், பிழைத்தார். தக்லாகோட்டில் மறுநாளே நேராக நடந்தாராம். மலை நோயில் இது ஒரு நல்ல விஷயம், நேரத்துக்கு இறக்கிவிட்டால் பெரும்பாலும் ஆள் தேறிவிடுவார். இதைவிட நிச்சயமான மருந்து கிடையாது, இதற்குக் கூலியும் டீசல் செலவும்தான். அதைத்தான் எங்களால் கேட்டதும் வாங்க முடியவில்லை.

இதற்கு நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். பஸ்ஸில் மைக்கைப் பிடித்துச் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது.

வயதானவர்களுக்குத்தான் வரும் என்கிறீர்கள். இல்லை. இளைஞருக்கும் அதே அளவு வரும். சொல்லப்போனால் தெம்பு இருக்கிறது என்று விறுவிறுவென ஏறுகிறவருக்குச் சீக்கிரமே வரும். தினமும் ஓடுகிறவர், யோகா செய்கிறவர், யாருக்கும் விலக்கு இல்லை. 'வந்து இறங்கும்போது நன்றாகத்தானே இருந்தார்' என்பது இன்னொன்று. இறங்கும்போது எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். தலைவலியும் வாந்தியும் வர ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நுரையீரலில் நீர் கோப்பது பெரும்பாலும் இரண்டாவது இரவிலிருந்துதான் தெரியும். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்திருந்தாலும் இளைக்கும், இருமல் விடாது, உதடு நீலம் பாயும். உங்கள் திட்டப்படி இரண்டாவது இரவு மானசரோவர், மூன்றாவது டெராபுக். வியாதி வெளியே வரும் நேரமாகப் பார்த்து இன்னும் மேலே ஏற்றுகிறீர்கள்.

பச்சைக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டச் சொன்னீர்கள். எல்லோரும் கட்டிக்கொண்டோம், வாசனை நன்றாக இருந்தது. மூக்கு திறந்த மாதிரி ஓர் உணர்வு வரும், ஆக்சிஜன் ஒரு துளிகூட அதிகமாகாது. கெடுதலும் இல்லை, கட்டட்டும். ஆனால் கற்பூரம் இருக்கிறது என்கிற தைரியத்தில் தலைவலியை மறைக்கிறார்களே, அதுதான் கெடுதல்.

டயமாக்ஸ் கொடுக்கிறோம் என்பீர்கள். நல்ல மருந்துதான், உடம்பு பழகுவதைத் துரிதப்படுத்தும். ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். எங்களுக்கு ஹில்சாவில் வரிசையில் நிற்கும்போது, மிட்டாய் கொடுப்பது போல அட்டையிலிருந்து ஆளுக்கொன்று பிய்த்துக் கொடுத்தார்கள். சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறதா, சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஒரு கேள்வி கிடையாது. அப்புறம் யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்று சொல்கிறேன். அந்த மாத்திரை போட்டால் சிறுநீர் அடிக்கடி போகும். மானசரோவர் விடுதியில் கழிப்பறை வெளியே, ராத்திரி உறைகிற குளிரில் டார்ச் எடுத்துக்கொண்டு நாய்களைத் தாண்டிப் போக வேண்டும். எங்கள் அறையில் இருந்த பெண்கள் பாதிப் பேர் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரும் குடிக்கவில்லை. என் அத்தையும்தான். நான் பக்கத்தில் படுத்திருந்ததால் கண்டுபிடித்தேன், ஒவ்வொரு முறையும் கூடப் போனேன். கூடப் போக ஆள் இல்லாதவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்திருந்தீர்கள்? தூக்கம் வரவில்லை என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. அங்கே அது மூச்சை இன்னும் மந்தமாக்கும். இதை உங்கள் கிளம்பும் முன் கூட்டத்தில் யாராவது சொன்னார்களா? அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசி நேரம் எந்த நிற டவுசர் வாங்குவது என்பதில் போயிற்று.

கடைசியாகப் பக்தி. கரூர்க்காரரை இறக்கிவிட்டு வந்த பிறகு பஸ்ஸில் இருந்தவர்கள் முகம் எல்லாம் வாடிப்போயிருந்தது. இன்னும் சிலர் நாங்களும் இறங்கிவிடுகிறோமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். உடனே மைக்கில், 'அப்பர் சுவாமிகள் மீளேன்னு சொன்னாரே, அந்த வைராக்கியம் வேணும்' என்று ஒரு பேச்சு. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஐயா, நான் திருவையாற்றுக்காரி. ஆடி அமாவாசைக்கு எங்கள் ஊரில் நடப்பது அப்பர் கயிலைக் காட்சிதான். கால் தேய, கை தேய, உருண்டு உருண்டு போனவரை இறைவன் மேலே இழுத்துக்கொள்ளவில்லை. முனிவராக எதிரே வந்து திரும்பிப் போ என்றார். அங்கிருந்த பொய்கையில் முழுகச் சொல்லி, திருவையாற்றுக் குளத்தில் எழ வைத்து, அங்கே கயிலையைக் காட்டினார். கதையில் பாதியை மட்டும் சொல்லி, வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிற பெண்மணியை ஏற வைக்காதீர்கள். திரும்புகிறேன் என்று சொல்கிறவரைக் குற்றவாளி போல உணர வைக்கிற உரிமை உங்களுக்கு இல்லை.

டெராபுக்கிலும் அதுதான். முடியாதவர்களிடம் வண்டி அந்தப் பக்கம்தான் காத்திருக்கும், கணவாயைத் தாண்டிவிட்டால் இறக்கம்தான் என்றார்கள். அந்தப் பக்கம் போக 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். வந்த வழியே திரும்பினால் முழுக்க இறக்கம். முடியாதவரை எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும்?

இதெல்லாம் புதிய அறிவும் இல்லை, வெளிநாட்டு அறிவும் இல்லை. 1962 சீனப் போரின்போதும் அதற்குப் பிறகும் சமவெளியிலிருந்து நம் ராணுவ வீரர்களை அவசர அவசரமாக இமயத்தின் உச்சிக்கு ஏற்றினார்கள். நல்ல திடகாத்திரமான இளைஞர்கள் நுரையீரலில் நீர் கோத்துச் சரிந்தார்கள். நம் ராணுவ மருத்துவர்கள் அவர்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்தார்கள். 1969-இல் 1,925 இந்திய வீரர்களைப் பற்றி அவர்கள் வெளியிட்ட ஆய்வை இன்றைக்கும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். அதிலிருந்து வந்த பாடத்தைத்தான் ராணுவம் கடைப்பிடிக்கிறது: 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை ஆறு நாள் பழக வேண்டும், 15,000 அடி வரை இன்னொரு நான்கு நாள், அதற்கு மேலே போக மறுபடியும் நான்கு நாள். மொத்தம் பதினான்கு. இருபத்தைந்து வயது ஜவானுக்குப் பதினான்கு நாள் கொடுக்கிற உயரத்துக்கு, என் அத்தையை நான்கு நாளில் ஏற்றுவேன் என்கிறீர்கள்.

அரசே நடத்தும் கயிலை யாத்திரையையும் பாருங்கள். டெல்லியில் முழுப் பரிசோதனை, தேறாதவர் அங்கேயே வீட்டுக்கு. உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியில் போகிறவர்களுக்கு, வழியில் இருக்கிற குஞ்சியில் இந்தோ திபெத் எல்லைக் காவல் படையின் மருத்துவர்கள் மறுபடியும் பார்க்கிறார்கள். அங்கேயும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. வயது 70-க்கு மேல் இருந்தால் விண்ணப்பமே போட முடியாது. அமர்நாத்தில் அடுத்தடுத்து ஏராளமானோர் இறந்ததைப் பார்த்து 2012-இல் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இன்று அங்கே அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரின் சான்று இல்லாமல் மலையேற விடுவதில்லை. அமர்நாத் குகை 3,880 மீட்டர், அதாவது நீங்கள் முதல் நாள் ராத்திரியே படுக்க வைக்கிற தக்லாகோட் உயரம். உங்கள் படிவத்தில் நான் பார்த்தது ஒரே வரி: 'இவர் பயணம் செய்யத் தகுதியானவர்'. கீழே யாராவது ஒரு டாக்டரின் கையெழுத்து. எங்கள் குழுவில் ஒருவர் பல் டாக்டரிடம் வாங்கி வந்திருந்தார், உங்கள் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பக்கத்திலேயே இருந்த உறுதிமொழித் தாள் மட்டும் மூன்று பக்கம், என்ன நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்று.

உங்கள் கஷ்டமும் புரியாமல் இல்லை. சிமிகோட்டுக்கு விமானம் எப்போது பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2018 ஜூலையில் வானிலை கெட்டு ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய யாத்ரீகர்கள் சிமிகோட், ஹில்சா, திபெத் பக்கம் என்று மாட்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டவரும் அதில் இருந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. ஒரு நாள் கூடினால் அறை வாடகை, சாப்பாடு, வண்டி எல்லாம் கூடும், பக்கத்துக் கடைக்காரர் குறைவாகச் சொல்வார், ஆள் அங்கே போய்விடுவார். இருக்கலாம். ஆனால் வானிலையால் நாள் போகும் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்த விஷயம். தெரிந்துகொண்டே ஏழு நாளுக்கு டிக்கெட் போட்டால், போகிற நாளை எங்கிருந்து எடுப்பீர்கள்? எடுக்கக்கூடிய இடத்தையெல்லாம் நீங்களே எடுத்துவிட்டீர்களே.

ஆகவே நான் கேட்பது இவை.

ஏழு நாள் திட்டத்தை உடனே திரும்பப் பெறுங்கள். சிமிகோட்டில் ஓர் இரவு, தக்லாகோட்டில் குறைந்தது இரண்டு இரவு, மானசரோவர் கரையில் இரண்டு இரவு, இதற்குக் குறைவாக எந்தக் குழுவையும் பரிக்கிரமாவுக்கு, அதாவது கயிலையை நடந்து வலம் வர, அனுப்பாதீர்கள். திபெத்தின் கேரூங் எல்லை வழியாக வண்டியில் போகிற குழுக்களுக்கும் இதே கணக்கில் இரவுகளைப் போடுங்கள், அங்கேயும் 2,800 மீட்டர் வாக்கில் இருந்து சாகாவின் 4,500-க்கு ஒரே மூச்சில் தூக்குகிறீர்கள். வானிலையால் நாள் போனால் பரிக்கிரமாவைக் கைவிட்டு மானசரோவர் தரிசனத்தோடு திரும்புவோம், ஓய்வு இரவைத் தொட மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். விளம்பரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் நேரே அன்று படுக்கும் இடத்தின் உயரத்தை மீட்டரில் போடுங்கள். அதற்குப் பைசா செலவில்லை.

ஒவ்வொரு குழுவோடும் மலை நோய் தெரிந்த ஒரு மருத்துவரையோ பயிற்சி பெற்ற செவிலியரையோ அனுப்புங்கள். திறந்து சோதித்த சிலிண்டர்கள், அவற்றின் ஸ்பேனர், ஆக்ஸிமீட்டர், டெக்ஸாமெத்தசோன், நுரையீரலில் நீர் கோத்தால் கொடுக்கிற நிஃபெடிபின், ஓர் அழுத்தப் பை, இவை யாத்ரீகர்கள் போகிற வண்டியிலேயே இருக்க வேண்டும். காலையும் மாலையும் ஒவ்வொருவரிடமும் தலைவலி, வாந்தி, தூக்கம், நடை பற்றிக் கேட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டை யாத்ரீகர் கேட்டால் காட்ட வேண்டும். டூர் மேனேஜர்களுக்குக் கிளம்பும் முன் பயிற்சி கொடுங்கள், பாவம், அந்தப் பிள்ளைகளைக் கண்ணைக் கட்டி அனுப்புகிறீர்கள்.

இறங்க வேண்டும் என்றால் இறக்குவதற்கு ஒரு வண்டி, ஓட்டுநர், கூடப் போக ஒரு வழிகாட்டி எப்போதும் தயாராக இருக்கட்டும். அதற்கான பணத்தை முதலிலேயே கட்டணத்தில் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், மலை மேல் வைத்துப் பேரம் பேசாதீர்கள். இறக்குகிற முடிவு குழுவின் மருத்துவருடையது, சென்னை அலுவலகத்துடையது அல்ல. குழு விசாவிலிருந்து ஒருவரைப் பிரித்து அனுப்புவது எப்படி என்பதை உங்கள் காட்மாண்டு, லாசா முகவர்களோடு பேசி முன்பே எழுதி வாங்குங்கள். திரும்பியவரிடம் பரிக்கிரமா முடிக்காத பங்குக்கான செலவைப் பிடித்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுங்கள். பணம் போய்விடுமே என்று வலியை மறைக்கிறவர்கள் நிறையப் பேர். மைக்கில் வைராக்கியம் பேசுவதை நிறுத்துங்கள்.

ஒரு வரிச் சான்றை ஏற்காதீர்கள். அரசு யாத்திரைக்குக் கேட்கிற அதே பரிசோதனைகளைக் கேளுங்கள், நீங்கள் சொல்லும் இடத்தில் செய்யட்டும். கயிலை போய் வந்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மானியம் கொடுக்கிறது. அந்த மானியத்துக்கு இந்த நிபந்தனைகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று இந்து சமய அறநிலையத் துறைக்குத் தனியே எழுதியிருக்கிறேன். நீங்களாகவே முந்திக்கொண்டு செய்தால் எல்லோருக்கும் நல்லது.

அடுத்த பருவத்துக்கு நீங்கள் முன்பதிவு தொடங்குவதற்குள் திருத்திய திட்டத்தை உயரக் கணக்கோடு வெளியிடுங்கள். எங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் கயிலை போக விரும்புகிறவர்கள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கட்டுகிறார்கள். மேலே சொன்னது எழுத்தில் இருக்கிற நிறுவனத்தின் பெயரைத்தான் அவர்களுக்குச் சொல்வேன். ஏழு நாள் திட்டம் வைத்திருக்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள், கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள் என்றும் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருத்தி,
திருவையாறு